எய் என்றால் வேண்டாம்

1

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டு மணி அடித்தது. பின்லாந்தில் சொல்லாமல் வந்து யாரும் மணியடிக்க மாட்டார்கள். அடித்தால் ஒன்று எங்கேயோ தீப்பிடித்திருக்க வேண்டும், இல்லை நம் வீட்டுத் தண்ணீர் கீழ்வீட்டுக்காரர் தலையில் சொட்டிக்கொண்டிருக்க வேண்டும். குழாய்களை எல்லாம் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறந்தேன். கீழ்வீட்டு பிர்க்கோ அம்மாள் நின்றிருந்தார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. வாசல் மிதியடி மேலேயே நின்றபடி, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு கேட்டார்:

"உங்கள் மகளுக்கு என் மேல் ஏதாவது கோபமா?"

நடந்தது இதுதான். முந்தின நாள் வெயில் அடித்தது. இங்கே வெயில் அடித்தால் ஊரே ஏரிக்கரைக்குப் போய்விடும். போய் என்ன செய்வார்கள் என்று கேட்காதீர்கள். அவரவர் கொண்டுவந்த இறைச்சிக் குழலை அவரவர் குச்சியில் குத்தி, கரையிலிருக்கும் பொது அடுப்பில் வாட்டி, தண்ணீரைப் பார்த்தபடி பேசாமல் தின்பார்கள். அந்தக் குழலுக்கு இங்கே 'மக்கரா' என்று பெயர். வந்த புதிதில் என் வீட்டுக்காரர் "சாயங்காலம் ஏரியில மக்கரா" என்றபோது, படகு ஏதோ மக்கர் பண்ணுகிறது என்று நினைத்து, அப்படியானால் வீட்டிலேயே இருப்போம் என்றேன்.

நான் எப்போதும் போல மசால்வடை சுட்டுக்கொண்டு போயிருந்தேன். என் மகள் நிலா, தட்டை எடுத்துக்கொண்டு பிர்க்கோ அம்மாளிடம் போயிருக்கிறாள். அவர் "எய், கீட்டோஸ்" என்றிருக்கிறார். 'வேண்டாம், நன்றி' என்று அர்த்தம். இந்த நாட்டில் அதோடு பேச்சு முடிந்தது. நிலா போகவில்லை. "கொஞ்சம் எடுத்துக்கொள்ளுங்கள்" என்றிருக்கிறாள். மறுபடியும் "எய்". "எனக்காக ஒண்ணே ஒண்ணு" என்று மூன்றாம் முறை சொல்லி, அவர் தட்டில் வடையை வைத்தே விட்டாள். பிர்க்கோ அம்மாள் தின்றுவிட்டு, வீட்டுக்குப் போய் யோசியோ யோசி என்று யோசித்திருக்கிறார்.

"நான் முதல் தடவையே தெளிவாகத்தானே சொன்னேன்? பிறகும் ஏன் கேட்டாள்?"

"கோபமில்லை, பிரியம்" என்றேன். அவர் முகத்தைப் பார்த்தால் நம்பினதாகத் தெரியவில்லை. நிலா இந்த வழக்கத்தைப் போன வருடம் கொடைக்கானலில் கற்றுக்கொண்டு வந்தாள். அதைச் சொல்ல வேண்டுமானால் என் அக்காளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிர்க்கோ அம்மாள் மிதியடியை விட்டு இறங்காமல் முழுக் கதையையும் கேட்டுவிட்டுப் போனார். நீங்கள் உட்கார்ந்தே கேட்கலாம்.

2

நான் பழனிக்குப் பக்கத்தில் பாலசமுத்திரத்துக்காரி. கல்யாணமாகி வந்து இறங்கிய இந்த ஊருக்குத் தம்பெரே என்று பெயர். இரண்டு பெரிய ஏரிகளுக்கு நடுவில் இருக்கிற ஊர். என் அக்காள் தனத்துக்கு இந்தப் பெயர் கடைசிவரை வாயில் நுழையவில்லை. "தங்கச்சி தாம்பரத்துல இருக்கா" என்று பாலசமுத்திரம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். அதனால் ஊரில் எனக்கு நல்ல பெயர் இல்லை. இந்தா இருக்கிற தாம்பரத்தில் இருந்துகொண்டு நல்லது கெட்டதுக்குக் கூட எட்டிப் பார்ப்பதில்லையே, அப்படி என்ன ராங்கி என்று பேசிக்கொள்கிறார்களாம்.

இங்கே வந்து நான் கற்ற முதல் சொல் 'எய்'. கற்றேன் என்பதைவிட வாங்கிக் கட்டிக்கொண்டேன் என்பது சரி. கடையில் போய்க் கறிவேப்பிலை இருக்கிறதா என்று கேட்டேன். அந்தப் பெண் என் முகத்துக்கு நேரே "எய்" என்றாள். நம் காதில் அது எப்படி விழும்? 'யாரைப் பார்த்துடி ஏய்ங்கிற?' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வங்கியில் கேட்டால் எய். பேருந்து ஓட்டுநரிடம் இது மருத்துவமனைக்குப் போகுமா என்றால் எய். வசிப்பிட அனுமதி தயாராகிவிட்டதா என்று விசாரிக்கப் போனால், கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் தலையைக்கூட நிமிர்த்தாமல் எய். ஊரே சேர்ந்து என்னை அதட்டுகிறது என்று ஒரு வாரம் அழுதேன். அப்புறம்தான் வீட்டுக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி விளக்கினார். இல்லை, கிடையாது, வேண்டாம், முடியாது, எல்லாவற்றுக்கும் இவர்களிடம் இந்த ஒரு சொல்தானாம்.

சொல் புரிந்ததே தவிர அதன் வலு புரியவில்லை. அவருடைய அலுவலக நண்பர் வீட்டுக்கு விருந்துக்குப் போனோம். மேசையில் ஆவி பறக்கும் மீன் சூப், வெண்ணெய் தடவிய ரொட்டி, நடுவில் நீலநிறப் பழங்கள் வைத்துச் சுட்ட பெரிய பணியாரம் மாதிரி ஒன்று. நண்பரின் மனைவி என்னைப் பார்த்து "சாப்பிடுகிறீர்களா?" என்றார். கேட்டவுடன் தட்டை நீட்டினால் பறக்காவெட்டி என்று சொல்லிவிடுவார்களே. வளர்ந்த வளர்ப்பு அப்படி. அடக்க ஒடுக்கமாக "எய்" என்றேன். அவரும் "சரி" என்று சொல்லிவிட்டு எல்லோருக்கும் பரிமாறினார். இரண்டாவது தடவை கேட்பார் என்று சூப் தீரும்வரை காத்திருந்தேன். பணியாரம் தீரும்வரையும் காத்திருந்தேன். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே தயிர்சோறு தின்றேன்.

அன்றைக்குத் திருந்தினேன். இப்போது ஒரு தடவை கேட்டாலே 'ஆமாம்' என்று சொல்லிவிடுவேன். யாராவது வேண்டாம் என்றால் அதற்குமேல் வற்புறுத்த மாட்டேன். கடவுச்சீட்டு மாறியது பிற்பாடு. நான் பின்லாந்துக்காரி ஆனது அந்தத் தயிர்சோற்றோடுதான் என்று வீட்டுக்காரர் இன்றைக்கும் கேலி செய்வார்.

3

போன வருடம் கோடை விடுமுறைக்கு நானும் நிலாவும் பாலசமுத்திரம் போனோம். வீட்டுக்காரருக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. நிலாவுக்குப் பதினான்கு வயது. தமிழ் எல்லாம் புரியும். பேசினால்தான் தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பது போல இருக்கும்.

போய் இறங்கிய மறுநாள் காலை, அக்காள் வீட்டில் இட்லி. அக்காள் வீட்டுக்காரரை நான் மாமா என்று கூப்பிடுவேன். முருகேசன் என்று பெயர். பழனி அடிவாரத்தில் திருநீறு, குங்குமம், பஞ்சாமிர்த டப்பா விற்கிற கடை வைத்திருக்கிறார். மரியாதை என்றால் உயிரை விடுகிற மனிதர். கன்றுக்குட்டியைக்கூட 'வாங்க' என்றுதான் கூப்பிடுவார். அவர் பக்கத்தில் நிலா உட்கார்ந்திருந்தாள். "போதும்" என்று அவள் சொல்லச் சொல்ல அக்காள் இட்லியாக அடுக்கினாள். அடுத்த இட்லி கரண்டியில் வருவதைப் பார்த்ததும் பிள்ளைக்குப் பயத்தில் தமிழ் மறந்துபோய்விட்டது. இரண்டு கையாலும் தட்டை மூடிக்கொண்டு, "எய்! எய்!" என்று கத்தினாள்.

மாமாவுக்கு வாயில் வைத்த இட்லி அப்படியே நின்றுவிட்டது.

"ஏம்மா சுமதி, என்ன புள்ள இது? பெரியம்மாவப் போயி ஏய்ங்குது?"

நான் பதறிப்போய் விளக்கினேன்.

"வேண்டாம்ங்கிறதுக்கு அந்த ஊர்ல அதட்டுவாகளா?"

"அதட்டட்டும் விடுங்க" என்றாள் அக்காள். "இட்லி வேண்டாம்னுதான சொல்லுச்சு? சட்னி வேண்டாம்னு சொல்லலேல்ல?" சொல்லிக்கொண்டே, மூடிய விரல்களுக்கு நடுவே இருந்த சந்து வழியாகச் சட்னியை ஊற்றிவிட்டாள்.

அந்த வாரமே நிலா என்னைத் தனியாக அழைத்து விசாரித்தாள். "அம்மா, இங்கே வேண்டாம் என்றால் வேண்டும் என்று அர்த்தமா?"

"மொதத் தடவை சொன்னா ஒரு அர்த்தமும் கிடையாது. மரியாதைக்குச் சொல்றது."

"இரண்டாவது தடவை?"

"யோசிக்கிறாங்கன்னு அர்த்தம். மூணாவது தடவை தட்டுல விழுந்துரும்."

"அப்படியானால் நிஜமாகவே வேண்டாதவர்கள் என்ன சொல்வார்கள்?"

அப்படி ஒரு நிலைமை எங்கள் ஊரில் யாருக்கும் வந்ததாக ஞாபகமில்லை.

அவள் கேட்ட பிறகுதான் நானும் கவனிக்க ஆரம்பித்தேன். அக்காள் எல்லோரையும் கேட்கிறாள். அக்காளை யாரும் கேட்பதில்லை. எல்லோரும் எழுந்த பிறகு, கிரைண்டர் பக்கத்தில் நின்றுகொண்டே மிச்சம் மீதியைத் தின்றுவிட்டு, "நா எப்பவோ சாப்புட்டாச்சு" என்பாள். கொடைக்கானலுக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் தூக்குவாளிகளோடு போய், கரையில் உட்கார்ந்து பரிமாறி, பாத்திரம் கழுவி, தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். ஏரிக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவாள். தூக்குவாளி அந்தப் பக்கம் இருக்கும்.

எனக்கு ஒரே ஒரு ஆசை வந்தது. அக்காளைக் கொடைக்கானலுக்குக் கூட்டிப் போக வேண்டும். ஏரியைப் பார்த்த ஒரு நல்ல ஹோட்டலில் நாற்காலி போட்டு உட்கார வைக்க வேண்டும். யாரோ சமைத்து, யாரோ கொண்டுவந்து வைக்க, அவள் சூடாகச் சாப்பிட வேண்டும். அன்றைக்கு ஒரு நாளாவது அவள் விருந்தாளி.

"ஓட்டலா? வேண்டாம்டி" என்றாள். "நான் வெள்ளனே எந்திரிச்சு புளிசாதம் கிண்டிருவேன். அதென்ன பெரிய சோலியா?"

"அக்கா, ஒரு பாத்திரம் வண்டியில ஏறக் கூடாது. சத்தியம் பண்ணு."

"சரிடி, சரி."

இவ்வளவு சீக்கிரம் சரி சொன்னபோதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

4

கொடைக்கானலுக்கு வண்டியில் போவதற்கு இப்போதெல்லாம் இணையத்தில் இ-பாஸ் எடுக்க வேண்டியிருக்கிறது. மாமாவுக்கு இதில் பெரிய மனத்தாங்கல்.

"கொல்லையில நின்னாத் தெரியுற மலைக்கு எதுக்குங்க பாஸு? தெனமும் பல்லு வெளக்கையில அதைத்தான் பாக்குறேன். அதுக்கும் வாங்கணுமா?"

பின்லாந்தில் பக்கம் பக்கமாக விண்ணப்பம் நிரப்பித் தேறியவள் என்ற திமிரில் நான் போனை வாங்கினேன். எடுத்த எடுப்பிலேயே தடுக்கிவிட்டது. உள்நாட்டவரா, வெளிநாட்டவரா என்று கேட்டது. கையிலிருப்பது பின்லாந்துக் கடவுச்சீட்டு. குடித்து வளர்ந்ததோ அந்த மலைத் தண்ணீர். விரல் அந்தரத்தில் நின்றது. நிலா எட்டிப் பார்த்து, "அம்மா, நாம் இதில் எது?" என்றாள்.

மாமா போனைப் பிடுங்கினார். "வண்டி யாருது? செல்வராசுது. செல்வராசு எந்த ஊரு? வடகவுஞ்சி. பாஸு வண்டிக்குத்தான? அவரு பேர்ல போடுங்க. இம்புட்டு யோசிச்சா மலை எறங்கி வந்துரும்."

எங்களுக்கு வண்டி ஓட்ட வந்த செல்வராசு அந்த மலைக் கிராமத்திலேயே பிறந்து வளர்ந்தவர். கொண்டை ஊசி வளைவுகளில் ஒற்றைக் கையால் ஓட்டிக்கொண்டு, மறுகையால் எந்தத் தோட்டம் யாருடையது என்று காட்டிக்கொண்டே வருவார். பின்லாந்தில் நேர்க்கோட்டுச் சாலையில் வளர்ந்த நிலா, கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அக்காள் ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து அவள் மூக்கில் வைத்தாள். நானும் மோந்து பார்த்தேன். எலுமிச்சையையும் மீறிப் பெருங்காய வாசம் வந்தது.

"என்னக்கா வாசம் இது?"

"டிரைவர் தம்பி வீட்டுச் சாப்பாடா இருக்கும்."

செல்வராசு கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "ஆமாக்கா, நம்ம வீட்டுதுதான்" என்றார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத முகம்.

சோதனைச் சாவடியில் குட்டு வெளிப்பட்டது. பிளாஸ்டிக் ஏதாவது இருக்கிறதா என்று பின்கதவைத் திறக்கச் சொன்னார்கள். போர்வைக்கு அடியில் ஒன்றன்பின் ஒன்றாகத் தூக்குவாளிகள் இறங்கின. புளிசாதம், தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல், வடகம். கூடவே ஈரத்துணியில் சுற்றிய வாழையிலைக் கட்டு.

சோதித்தவர் அசந்துபோனார். "ஒரு துண்டு பிளாஸ்டிக் கூட இல்லையேம்மா! எல்லாரும் இப்புடி வந்தா எங்களுக்குச் சோலியே இல்லை."

அக்காள் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை என்னவென்று சொல்வது! மொத்த வண்டியிலும் பிளாஸ்டிக் என்று அவர்கள் எடுத்துக்கொண்ட ஒரே பொருள் என்னுடைய தண்ணீர் பாட்டில்.

5

குடும்பத்தோடு கொடைக்கானல் ஏரிக்குப் போகிறவர்களுக்கு ஓரிரண்டு வார்த்தை. மிதி படகில் ஏறுவதானால், மிதிப்பது யார் என்பதைக் கரையிலேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள். "நா பாத்துக்கிறேன்" என்ற மாமா, பாதி ஏரியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். நானும் அக்காளும் சேலையைச் செருகிக்கொண்டு மிதித்துக் கரைசேர்ந்தோம். மிளகாய் பஜ்ஜி சாப்பிட்ட கையோடு குதிரையைத் தடவிக் கொடுக்க வேண்டாம். குதிரை கையை விடாது. வாடகை சைக்கிளில் ஏறும் முன் பிரேக் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. நிலா ஏரியைச் சுற்றி ஒரு வட்டம் போனாள். சுட்ட சோளம், பிரெட் ஆம்லெட், மோமோ, வேகவைத்த கடலை என்று ஒவ்வொரு வண்டியிலும் நின்று, பெயர் கேட்டு, ருசி பார்த்துவிட்டு மூச்சுவாங்க வந்து சேர்ந்தாள்.

"அம்மா, நம் ஊர் ஏரி பாவம்" என்றாள். "அதற்குத் துணைக்கு யாருமே இல்லை."

சிரித்தேன். இத்தனை வருடமாக எனக்குச் சொல்லத் தெரியாமல் இருந்தது அதுதான்.

மதியமானது. ஏரியைப் பார்த்த கண்ணாடிச் சன்னல்களோடு ஒரு உணவகத்தை நான் முன்பே பார்த்து வைத்திருந்தேன். "வாக்கா" என்றேன்.

"வண்டியில சோறு ஆறிக் கெடக்கு. அதை யாரு திங்கிறது?"

"ராத்திரி திம்போம்."

"புளிசாதம் தாங்கும். தயிர்சாதம் தாங்குமாடி?"

மாமாவைப் பார்த்தேன். அவர் ஏரியைப் பார்த்தார். "சோத்தை வீணாக்கக் கூடாதுல்ல" என்று ஏரியிடம் சொன்னார். நான் தோற்றேன். எல்லோருமாக வண்டி நின்றிருந்த மேட்டுக்கு ஏறினோம்.

வண்டிக்குப் பத்தடி முன்னாலேயே ஒரு மரத்தின் பின்னால் செல்வராசு நின்றுகொண்டிருந்தார். விரலை வாயில் வைத்துக் காட்டினார். வண்டியின் பின்கதவில், சரியாகத் தூக்குவாளிகள் இருக்கும் இடத்தில், ஒரு காட்டுமாடு சாவகாசமாக முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தது. வண்டி தொட்டிலாக ஆடியது.

"எப்ப போகும்?" என்றாள் அக்காள்.

"அதுக்குத் தோணுறப்ப போகும்க்கா."

"போகச் சொல்லுங்க தம்பி."

"யாருக்கா சொல்றது?"

ஆண்பிள்ளை என்ற முறையில் மாமா ஒரு அடி முன்னால் வைத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு ஜீவனைப் பார்த்து, "ஏய்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். காட்டுமாடு தலையைத் திருப்பி அவரைப் பார்த்தது. மாமா உடனே, "ஒண்ணுமில்லைங்க" என்று பின்வாங்கினார்.

நிலா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "பெரியப்பா, அதற்குப் பின்லாந்து மொழி தெரியாது."

நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்து முடிப்பதற்குள், காட்டுமாடு வண்டி நிழலில் காலை மடக்கிப் படுத்தேவிட்டது. மூடுபனி வேறு இறங்க ஆரம்பித்தது. அக்காள் தன் தூக்குவாளிகள் இருந்த திசையை ஒரு தடவை பார்த்தாள். நிலாவின் முகத்தை ஒரு தடவை பார்த்தாள்.

"புள்ளைக்குப் பசிக்கும். வாங்க, வெரசா அந்த ஓட்டலுக்கே போவோம்" என்றாள்.

அந்தக் காட்டுமாட்டை நான் மனசுக்குள் கும்பிட்டேன்.

6

சன்னலோர மேசை கிடைத்தது. அக்காள் நாற்காலியின் நுனியில், பையை மடியில் வைத்துக்கொண்டு, பேருந்துக்குக் காத்திருப்பவள் போல உட்கார்ந்தாள். பரிமாற வந்த பெண் வடகிழக்கு மாநிலம் ஒன்றைச் சேர்ந்தவர். தமிழ் புதிதாகப் பழகியிருந்தார். மாமா நெய் ரோஸ்ட் சொன்னார். நிலா வறுத்த சாதம் கேட்டாள். நான் ஏதோ சொன்னேன்.

"நீங்க, மேடம்?"

"எனக்கு ஒண்ணும் வேண்டாம்மா" என்றாள் அக்காள்.

"ஓகே மேடம்" என்று அந்தப் பெண் போய்விட்டார்.

அக்காள் அந்தப் பெண்ணின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய 'வேண்டாம்' இவ்வளவு சுளுவாக எங்கேயும் செல்லுபடியானது கிடையாது. நானும் வாயைத் திறக்கவில்லை. வேண்டாம் என்றவளை வற்புறுத்தக் கூடாது என்பது எனக்குள் அப்படி ஊறிப்போயிருந்தது. மூன்று தட்டுகள் வந்தன. அக்காள் முன்னால் வெறும் மேசை. அவள் என் பக்கம் தண்ணீரை நகர்த்தினாள். மாமாவுக்குச் சட்னிக் கிண்ணத்தைத் தள்ளினாள். நிலாவின் தட்டில் மிளகாயைப் பொறுக்கி ஓரமாக வைத்தாள். இவளை உட்கார வைக்கத்தானே இத்தனை பாடு, கடைசியில் இங்கேயும் பசியோடு பரிமாறிக்கொண்டிருக்கிறாளே என்று எனக்கு அழுகை முட்டியது.

நிலா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"பெரியம்மா, நீங்களும் சாப்பிடுங்கள்." செய்தி வாசிப்பாளர் குரல்.

"வேண்டாம்டா கண்ணு. நீ சாப்புடு."

"கொஞ்சமாகச் சாப்பிடுங்கள், பெரியம்மா."

"பசியே இல்லடா. காலையில தின்னதே நெஞ்சுல நிக்கிது."

நிலா நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். தலையைச் சாய்த்து, அச்சு அசலாக அக்காளின் குரலில், அக்காளின் இழுவையோடு, "எனக்காக ஒண்ணே ஒண்ணு, சாப்புடுங்க பெரியம்மா" என்றாள்.

அக்காளின் வாயிலிருந்து எத்தனை பேர் தட்டில் விழுந்த வார்த்தை அது! அவளைப் பார்த்து யாரும் சொன்னதில்லை போலிருக்கிறது. அக்காள் மடியிலிருந்த பையை எடுத்துப் பக்கத்து நாற்காலியில் வைத்தாள்.

"சரி. ஒரு சூப்பு மட்டும் சொல்லு."

சூப்பு வந்தது. சூப்போடு நிற்கவில்லை. "அந்தா, அந்த மேசையில நூல் நூலா இழுத்துத் திங்கிறாகளே, அது என்னடி?" என்றாள். பீட்சா வரவழைத்தோம். "உப்புக் கம்மி. மாவு சரியாப் புளிக்கலை" என்று குற்றம் சொல்லிக்கொண்டே முக்கால்வாசியைத் தின்றாள். முடித்ததும் எல்லோர் தட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். பரிமாறிய பெண் ஓடிவந்து வாங்கிக்கொண்டார். "மேடம், நீங்க உட்காருங்க, ப்ளீஸ்."

அக்காள் உட்கார்ந்தாள். இந்தத் தடவை முழு நாற்காலியிலும் உட்கார்ந்தாள். கைகளுக்கு வேலை இல்லாததால் சன்னல் பக்கம் திரும்பினாள். மூடுபனி விலகியிருந்தது.

"இந்த ஏரி இம்புட்டுப் பெருசாடி?" என்றாள்.

அந்தப் பெண் மறுபடியும் வந்தார். ஐஸ்கிரீம், சாக்லேட் கேக், காபி என்று வரிசையாகச் சொன்னார். அக்காளுக்கு உண்மையிலேயே வயிறு நிரம்பிவிட்டது. இரண்டு கையையும் தூக்கி, உணவகமே திரும்பிப் பார்க்கிற மாதிரி, "எய்! எய்!" என்றாள்.

நிலா கேட்ட கேள்விக்கு இப்படித்தான் பதில் கிடைத்தது. அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் மரியாதைக்குச் சொல்வது 'வேண்டாம்', நிஜமாகவே வேண்டாதது 'எய்' என்று ஆகிவிட்டது. மாமா கடையில் பேரம் பேசுகிறவர்களிடம்கூட அதைப் பிரயோகிக்கிறாராம். புளிசாதமும் வீணாகவில்லை. காட்டுமாடு எழுந்துபோன பிறகு, இறங்குகிற வழியில் வடகவுஞ்சியில் செல்வராசு வீட்டுக்குப் போனது. அந்த வீட்டம்மா வேண்டாம் என்றார். அக்காள் மூன்று தடவை கேட்டாள்.

7

நேற்றும் வெயில் அடித்தது. ஏரிக்கரைக்குப் போனோம். நிலா வடைத் தட்டோடு பிர்க்கோ அம்மாளிடம் போனாள். அவர் கணக்கு வாத்தியார் அல்லவா, பாடத்தை மறக்கவில்லை. "எய்" என்றார். இரண்டாவது தடவையும் "எய்" என்றார். ஆனால் தட்டு ஏற்கெனவே அவர் கையில் தயாராக இருந்தது. மூன்றாவது தடவை கேட்கும்வரை காது சிவக்கக் காத்திருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அக்காளுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். பேச்சு முடிகிற நேரத்தில், ஒவ்வொரு வருடமும் கேட்பது போல, "நீயும் ஒரு தடவை இங்க வாயேன்க்கா" என்றேன்.

ஒவ்வொரு வருடமும் சொல்வதையே அவளும் சொன்னாள். "வேண்டாம்டி. அம்புட்டுத் தூரம் எனக்கு எதுக்கு? மாமாவுக்கு யாரு சோறாக்குறது?"

"சரிக்கா" என்றேன். "அப்புறம், அங்க மழை உண்டா?"

நிலா மூலையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தினாள்.

"அம்மா, பெரியம்மா எய் என்று சொல்லவில்லை."

"என்னது?"

"வேண்டாம் என்றுதான் சொன்னார்கள்."

வருடா வருடம் ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு, மழை உண்டா என்று போய்க்கொண்டிருந்திருக்கிறேன். ஒவ்வொரு வருடமும் அவள் இரண்டாவது தடவைக்குக் காத்திருந்தாளோ என்னவோ.

நிலா எழுந்து வந்து போனை வாங்கிக்கொண்டாள்.

"பெரியம்மா, இங்கே வாருங்கள்."

"அடி போடி இவளே. பெரியம்மாவுக்கு ஏரோப்ளேன்ல ஏறத் தெரியுமா?"

"நான் ஊருக்கு வந்து கூட்டிக்கொண்டு வருகிறேன். எனக்காக ஒரே ஒரு தடவை, வாங்க பெரியம்மா."

அந்தப் பக்கம் குக்கர் விசிலடித்தது கேட்டது. மாமா தூரத்திலிருந்து, "போயிட்டுத்தான் வாங்களேன், எனக்குச் சோறாக்கத் தெரியாதாக்கும்" என்றார். நிலா மூச்சைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"தாம்பரத்துல ரொம்பக் குளுருமோடி?" என்றாள் அக்காள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஸ்வெட்டர் இங்கேயே வாங்கிக்கொள்ளலாம் என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள், அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்:

"அங்க இட்லிப் பானை கெடைக்குமா, இல்ல நானே தூக்கிக்கிட்டு வந்துரவா?"

நானும் நிலாவும் போனில் வாயை வைத்து ஒரே குரலில் கத்தினோம்.

"எய்!"